ஒலி அட்டையில் நினைவகப் பழுதறிதல்

கணிப்பொறியில் இசை ஒலிக்கும்போது இடையிடையே கரகரவென்ற ஓசை எழுந்தால், அட்டையையே மாற்றிவிட வேண்டும் என்று பலரும் முடிவு கட்டிவிடுகின்றனர். நோய் இன்னதென்று அறியாமல் மருந்து கொடுப்பதை ஒக்கும் இது. முறையாக ஆராய்ந்தால், பழுதுபட்ட ஒரே சில்லைச் சுட்டிக் காட்டிவிடலாம். அம்முறையை ஓர் எடுத்துக்காட்டின் வாயிலாகக் காண்போம்.

கனடா நாட்டின் அட்வான்ஸ்டு கிராவிஸ் நிறுவனம் 1992-ஆம் ஆண்டில் ‘அல்ட்ராசவுண்ட்’ என்னும் ஒலி அட்டையை வெளியிட்டது. இசைக் கருவிகளின் ஒலிகளை எண்களாகத் தன் நினைவகத்தில் வைத்திருந்து இசைப்பது அது. அதன் 256 கிலோபைட் நினைவகத்தை 1 மெகாபைட் வரை பெருக்கலாம். சில்லு ஒவ்வொன்றிலும் 2,62,144 இடங்கள். இடத்திற்கு 4 பிட்டுகள். இரு சில்லுகள் இணைந்தே ஒரு பைட்டைத் தாங்குகின்றன. ஆகவே 1 மெகாபைட்டுக்கு நான்கு இணைகள் வேண்டும்.

ஒரு சில கருவிகளின் ஒலி மட்டும் சிதைந்து, ஏனையவை தெளிவாக இருந்தால் நினைவகத்தின்மீது ஐயம் கொள்ளலாம். எல்லாமே கெட்டிருந்தால் முதலில் இணைப்புக் கம்பியையும் ஒலிபெருக்கியையும் பார்த்தல் நலம்.

இனி, சோதனை. ஒவ்வோர் இடத்திலும் 85 என்ற எண்ணை எழுதிப் படிக்க வேண்டும். பின்னர் 170-ஐ எழுதிப் படிக்க வேண்டும். இரும எண்முறையில் இவை 01010101, 10101010 ஆகும். ஓரிடத்தில் 85-க்குப் பதில் 117 வருகிறது. 170 சரியாகவே வருகிறது என்று கொள்வோம். வேறுபாடு 32. எனவே 32 மதிப்புடைய பிட் எப்போதும் 1 ஆகவே நிற்கிறது. அது மேல் நான்கு பிட்டுகளில் ஒன்று. அவ்விடத்தின் முகவரி 2,62,144 முதல் 5,24,287-க்குள் இருந்தால், இரண்டாம் இணையில் மேல் பிட்டுகளைத் தாங்கும் சில்லே ஐயத்திற்குரியது. 170-ஐ மட்டும் எழுதிப் பார்த்திருந்தால் இக்குறை தப்பியிருக்கும்!

முகவரிக் கம்பி ஒன்று அறுந்திருந்தால், ஓரிடத்தில் எழுதியது வேறோர் இடத்திலும் தோன்றும். எங்கும் ஒரே எண்ணை எழுதினால் இது புலப்படாது. ஆதலால் இடத்திற்கிடம் எண்ணை மாற்றி, எல்லாவற்றையும் எழுதி முடித்த பின்னரே படிக்க வேண்டும். மேலும், இச்சில்லுகள் செய்தியை நுண்ணிய மின்னேற்றமாகவே காக்கின்றன. அது கசியுமாதலால் இடையறாது புதுப்பிக்கப்படுகிறது. சிறிது நேரம் கழித்துப் படித்தால்தான், மின்னேற்றத்தைத் தாங்க இயலாத சில்லு அகப்படும்.

இறுதியாக, மின்சாரத்தை நிறுத்தி, உடலிலுள்ள நிலைமின்னை நிலத்திற்குச் செலுத்திவிட்டு, ஐயத்திற்குரிய சில்லையும் நல்ல சில்லையும் இடம் மாற்றிப் பொருத்த வேண்டும். குழியிலிருந்து கழற்றக்கூடிய சில்லுகளுக்கே இது எளிது. பழுது சில்லோடு இடம் பெயர்ந்தால் குற்றம் சில்லினுடையது. பழைய இடத்திலேயே நின்றால் குழியிலோ இணைப்பிலோ உள்ளது.

இவ்வட்டைகள் இன்று பழம்பொருள் ஆர்வலரிடமே மிகுதியும் உள்ளன. இவற்றுக்குரிய சில்லைத் தேடிப் பெறுவதே அரிது. நல்ல சில்லொன்றை வீணே எறிந்துவிடாமல் காப்பது இச்சோதனையே. ஐயம் வேறு, சான்று வேறு என்னும் அறிவியல் நெறியை இச்சிறு சில்லும் நமக்குக் கற்பிக்கின்றதன்றோ?