சிறு தீவும் பெருங்களமும்

நுழையும்முன்

பரப்பாலும் மக்கள்தொகையாலும் சிறிய நிலமொன்று விளையாட்டில் தலைநிமிர இயலுமா? கடலை நம்பி வாழும் தீவுக்கூட்டம் ஒன்றின் கால்பந்து வரலாறு இவ்வினாவிற்கு விடை பகர்கிறது.

2022ஆம் ஆண்டு மாமல்லபுரத்தில் நிகழ்ந்த 44ஆவது சதுரங்க ஒலிம்பியாட்டில் பெருநாடுகளோடு சிறுநிலங்களும் களம் கண்டன. அவற்றுள் ஒன்று பரோயே தீவுகள். வட அட்லாண்டிக் பெருங்கடலில், டென்மார்க் முடியாட்சியின்கீழ்த் தன்னாட்சி பெற்று விளங்கும் 18 தீவுகளின் தொகுதி அது. அதன் பரப்பு நம் செங்கல்பட்டு மாவட்டத்தில் ஏறத்தாழப் பாதி. மக்களோ சற்றேறக்குறைய 54 ஆயிரம் பேர். செங்கல்பட்டு மாவட்டத்திலோ 25 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் வாழ்கின்றனர்.

நம் நெய்தல் நிலத்தைப் போலவே அங்கும் மீன்பிடித்தலே முதன்மைத் தொழில். எனினும், 1942ஆம் ஆண்டு முதல் அம்மக்கள் தங்களுக்கென ஒரு கால்பந்துத் தொடரை நடத்தி வருகின்றனர். அதன் முதல்நிலைப் பிரிவில் 10 அணிகள் மோதுகின்றன. கடுங்குளிர் நீங்கிய பின்னரே ஆட்டம் தொடங்கும். பகலில் தொழில், மாலையில் பயிற்சி என்பதே வீரர் பலரின் வாழ்வாக இருந்தது.

1990ஆம் ஆண்டு செப்டம்பர் 12ஆம் நாள், பரோயே அணி தனது முதல் ஐரோப்பியத் தகுதிச்சுற்று ஆட்டத்தில் ஆஸ்திரியாவை எதிர்கொண்டது. உரிய புல்தரைக் களம் தாயகத்தில் இல்லாமையால், அவ்வாட்டம் சுவீடனின் லேண்ட்ஸ்குரோனா நகரில் நடந்தது. பரோயே 1-0 எனும் கணக்கில் வென்றது. கோல் அடித்த டோர்கில் நீல்சன், மரக்கடைப் பணியாளர். தேர்ந்த சதுரங்க வீரரும் ஆவார்.

களம் இல்லாத குறையை அவர்கள் அப்படியே விட்டுவிடவில்லை. மழையைத் தாங்கும் செயற்கைப் புல்தரைகளை ஊர்தோறும் அமைத்தனர். சிறுவர்க்குப் பயிற்சி அளித்தனர். அதன் பயன் 2023இல் விளைந்தது. ஏறத்தாழ 5 ஆயிரம் பேர் வாழும் கிளாக்ஸ்விக் என்னும் மீனவ ஊரின் அணி, ஹங்கேரியின் புகழ்பெற்ற பெரென்ஸ்வாரோஸ் அணியை அதன் மண்ணிலேயே 3-0 என வீழ்த்தியது. அவ்வாண்டே ஐரோப்பியப் போட்டியின் குழுச்சுற்றில் நுழைந்த முதல் பரோயே அணி என்னும் பெருமையையும் பெற்றது.

கோவளம் முதல் மாமல்லபுரம் வரை கடற்கரை மணலில் பந்தை உதைக்கும் சிறுவர்களிடம் கால்வலிமைக்குக் குறைவில்லை. ஆற்றல் எங்கும் பிறக்கிறது; அது வளர்வதற்கு ஊருக்கொரு களமும், ஆண்டுதோறும் தவறாத போட்டியும், வழிகாட்டும் பயிற்றுநரும் வேண்டும். இவற்றை அமைத்துத் தருவதற்கு மக்கள்தொகையைவிட மக்களின் மனவுறுதியே தேவை என்பதைப் பரோயே உணர்த்துகிறது.

கற்பவை கற்றபின்

உங்கள் ஊரின் விளையாட்டுக் களத்தைப் பார்வையிட்டு, அதன் நிலையையும் தேவைகளையும் விளக்கி உள்ளாட்சித் தலைவருக்கு விண்ணப்பம் எழுதுக.