முருங்கைக்காயும் ஒரு பொய்ச் சத்தியமும்

கண்ணு, பெரியவளுக்கு 14, சின்னவனுக்கு 10. விடுமுறையில் ‘முந்தானை முடிச்சு’ போட்டுக் காட்டலாமா என்று கேட்டிருந்தாய். பாக்யராஜ் இயக்கி நடித்து 1983-இல் வந்து வெள்ளி விழா கொண்டாடிய படம். முருங்கைக்காய் படம் என்றே ஊரெல்லாம் பேர். அதில் விரசமும் உண்டு, ஈரமும் உண்டு. பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என்று பலரோடும் உட்கார்ந்து படம் பார்த்தவள் என்ற உரிமையில் சொல்கிறேன்.

1. முதலில் நீ தனியாக ஒருமுறை பார். சின்ன வயதில் பார்த்த ஞாபகத்தை நம்பாதே. நமக்கு மனதில் நிற்பதெல்லாம் இளையராஜாவின் பாட்டும், நாயகி பரிமளத்தோடு சுற்றும் வாண்டுகளும், அவர்களில் ஒருவனான தவக்களையின் குறும்பும்தான். முதியோர் கல்வி டீச்சரைப் பார்க்கவே ஆண்கள் வகுப்புக்கு ஓடும் காட்சிகள் மறந்து போயிருக்கும். அவை திடீரென்று வந்தால் உன் கை ரிமோட்டைத் தேடும். பிள்ளைகள் திரையை விட்டுவிட்டு உன் முகத்தைப் பார்ப்பார்கள். நீ பதறினால்தான் அதில் ஏதோ அசிங்கம் இருக்கிறது என்று அவர்களுக்குத் தோன்றும்.

2. தணிக்கைச் சான்றிதழைப் பார். ஆனால் பொறுப்பை அதன் தலையில் கட்டிவிடாதே. 2024-இல் விதிகள் மாறி யு/ஏ-வை 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரித்துவிட்டார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் உன் பிள்ளையின் மனசு தணிக்கைக் குழுவுக்குத் தெரியாது. எங்கள் தெருவில் சித்தியிடம் வளர்ந்த பையன் ஒருவன் இந்தப் படத்தைப் பார்த்தான். முருங்கைக்காய்க் காட்சிக்கு எல்லோரோடும் சேர்ந்து சிரித்தான். தனக்கென்று ஒரு பிள்ளை பிறந்தால் மூத்தாள் குழந்தையைப் பரிமளம் ஒதுக்கிவிடுவாளோ என்று அவள் கணவரான வாத்தியார் பயப்படுகிறாரே, அந்த இடத்தில் எழுந்து வெளியே போய்விட்டான். எந்தச் சான்றிதழும் அதை எச்சரிக்காது. வளர்க்கிறவளுக்குத்தான் தெரியும்.

3. கேட்டால் நேராகப் பதில் சொல். கிட்டே வராத கணவனை மயக்கப் பரிமளம் முருங்கைக்காயைச் சமைத்துப் போடுகிறாள். “இதுக்கு ஏன் அம்மாயி எல்லாரும் சிரிக்கிறாங்க?” என்று என் பேத்தி 13 வயதில் கேட்டாள். “அதைச் சாப்பிட்டா புருஷன் பொண்டாட்டிக்குள்ள ஆசை கூடும்னு ஊர்ல ஒரு நம்பிக்கை சாமி” என்றேன். “அட, இவ்வளவுதானா!” என்று தட்டில் இருந்த முறுக்கை எடுத்துக் கடித்தாள். “அதெல்லாம் உனக்கு எதுக்கு?” என்று அதட்டியிருந்தால், பள்ளிக்கூடத்தில் வேறு யாரிடமாவது போய்க் கேட்டிருப்பாள்.

4. நீ உண்மையாகவே யோசிக்க வேண்டிய இடம் வேறு. வாத்தியார் தன்னைக் கெடுத்துவிட்டதாகப் பரிமளம் ஊர் நடுவே பொய் சொல்கிறாள். அவருடைய கைக்குழந்தையைத் தாண்டிச் சத்தியமும் செய்கிறாள். ஊர் அதை நம்பிக் கல்யாணம் செய்துவைக்கிறது. ஆசைப்பட்டவள் ஜெயித்துவிட்டாள் என்று கொட்டகையே கை தட்டியது. உன் மகளோடு இதைப் பேசாமல் விடாதே. ஒருவர் மேல் ஆசை வருவது குற்றமில்லை. அந்த ஆசையை வைத்து அவரைக் கட்டிப்போட யாருக்கும் உரிமை கிடையாது. மகனுக்கும் ஒருநாள் இதே பேச்சு வேண்டும். இன்னொன்றும் சொல்: இப்படி ஒரு பொய்யைச் சிரித்து ரசித்துப் பழகிய ஊர், நாளைக்கு நிஜமாகவே பாதிக்கப்பட்டு வந்து நிற்கும் பெண்ணையும் நம்பாது. அதற்காகப் பரிமளத்தை வெறுக்கக் கற்றுக்கொடுக்காதே. அந்தக் குழந்தையை அவள் மார்போடு அணைத்து வளர்ப்பதும் அதே படத்தில்தான் இருக்கிறது. தனக்குப் பிள்ளையே வேண்டாம் என்று ஆபரேஷனுக்குத் துணிகிற இடத்தில் எனக்கு இன்றும் கண் கலங்கும். ஆனால் அன்பை நிரூபிக்க ஒரு பெண் தன் உடம்பையே பணயம் வைக்க வேண்டுமா? இதைப் பெரியவளிடம் கேட்டுப் பார். அவசரப்படாமல், அவள் சொல்வதை முழுசாகக் கேள்.

5. படம் வெளிவந்தபோது பரிமளமாக நடித்த ஊர்வசிக்கு 14 வயதுதான். உன் மகள் வயது. மனைவியாக, கணவனை மயக்குகிறவளாக அந்தச் சிறுமியை நடிக்க வைத்து, நாம் எல்லோரும் ரசித்தோம். அவருடைய நடிப்புத் திறமை மேல் எனக்கு அளவு கடந்த மரியாதை உண்டு. அதனாலேயே இதை மறைக்கக் கூடாது என்கிறேன். படம் முடிந்த பிறகு மகளிடம் சொல்லிவிடு. முருங்கைக்காயைவிட இதுதான் அவளை யோசிக்க வைக்கும்.

6. பக்கத்தில் உட்கார். சமையல்கட்டில் இருந்துகொண்டு காது கொடுப்பது போதாது. படம் ஓடும்போது பாடம் நடத்தாதே. அவள் சங்கடப்பட்டால் நிறுத்திவிடு. மிச்சத்தை இன்னொரு நாள் பார்க்கலாம், பார்க்காமலே விட்டாலும் ஒன்றும் குறைந்துவிடாது.

7. சின்னவனுக்கு இப்போது வேண்டாம். தூங்க வைத்துவிட்டுத் திருட்டுத்தனமாகப் போடாதே. மறுநாள் அக்காவே உளறிவிடுவாள். “இது உனக்கு இன்னும் மூணு வருஷம் கழிச்சு” என்று முகத்தைப் பார்த்துச் சொல். கோபித்துக்கொள்வான், கொள்ளட்டும். அவனுக்கென்று ஒரு படத்தை அவனையே தேர்ந்தெடுக்கச் சொல்லி, அதற்கும் பக்கத்தில் உட்கார்ந்து முழுசாகப் பார். 13 வயதானதும், அவன் கேட்பதற்கு முன்னால் நீயே கூப்பிட்டு உட்கார வை.