புதரைச் சுற்றி ஒரு மொட்டை வளையம்

கலிஃபோர்னியாவின் சாண்டா பார்பரா பக்கம் மலைச்சரிவுகளில் ‘பர்ப்பிள் சேஜ்’ என்று ஒரு புதர் தானாகவே வளர்கிறது. தாவரவியல் பெயர் சால்வியா லியூகோஃபில்லா. நம்ம துளசியின் குடும்பம்தான். இடுப்பு உயரம், சாம்பல் பூத்த இலை, தண்டில் அடுக்கடுக்காக வெளிர் ஊதாப் பூ. இலையைக் கசக்கினால் கற்பூரமும் நீலகிரித் தைலமும் கலந்த வாசனை. சும்மா உவமை இல்லைங்க. அந்த இலையில் கற்பூரமும் இருக்கு, நீலகிரித் தைலத்தில் உள்ள சினியோலும் இருக்கு.

விஷயம் என்னன்னா, புல்வெளி ஓரத்தில் இந்தப் புதர் இருந்தால், அதைச் சுற்றி ஒன்றிரண்டு மீட்டருக்கு மண் மொட்டையாகக் கிடக்கும். ஏன்?

1964-ல் முல்லர் என்பவரும் அவருடைய குழுவும் ‘சயின்ஸ்’ இதழில் ஒரு விடை சொன்னார்கள்: இலையிலிருந்து ஆவியாகும் எண்ணெய்தான் மற்ற செடிகளை வளரவிடாமல் செய்கிறது. மூடிய பாத்திரத்தில் சேஜ் இலையையும் வெள்ளரி விதையையும் ஒன்றையொன்று தொடாமல் வைத்தார்கள். வெள்ளரியின் வேர் குன்றிப்போனது. படித்தால் நீங்களும் நம்புவீங்க. ஆயுதமும் இருக்கு, லேப் ரிசல்ட்டும் இருக்கு!

1970-ல் அதே இதழில் பார்த்தலோமியூ என்பவர் வேறொன்றைக் காட்டினார். மொட்டை வளையத்தில் கம்பிவலைக் கூண்டுகளை வைத்தார். கூண்டு வாசனையைத் தடுக்காது. எலி, முயல், பறவைகளைத்தான் தடுக்கும். கூண்டுக்குள் புல் வளர்ந்துவிட்டது! புதருக்குள் ஒளிந்து வாழும் பிராணிகள், அதைவிட்டு அதிக தூரம் போகாமல் பக்கத்தில் முளைப்பதை எல்லாம் தின்று தீர்த்திருக்கின்றன.

அதுக்காக முல்லரின் லேப் ரிசல்ட் பொய் இல்லை. மூடிய பாத்திரத்தில் நடப்பது, காற்று வீசும் மலையில் அதே அளவுக்கு நடக்கணும்னு கட்டாயம் இல்லை, அவ்வளவுதான். கம்பிவலை ஒன்றும் பெரிய கருவி இல்லை. ஆனால் இரண்டு காரணங்களையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தது அதுதான். உங்க ப்ராஜெக்ட் ரிவ்யூவுக்கு முன்னாடி இதை ஒருமுறை யோசிச்சுப் பாருங்க.

தோட்டத்திலும் இந்தச் செடியைத் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். அங்கே மழை குளிர்காலத்தில்தான். கோடையில் செடி பெரிய இலைகளை உதிர்த்துவிட்டு ஓய்வெடுக்கும். “ஐயோ, வாடுதே” என்று அப்போது தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தால், சூடான ஈரமண்ணில் வேர் அழுகிச் செத்துப்போகும். நடுவதற்கு நல்ல நேரம் குளிர்கால மழைக்கு முந்தைய இலையுதிர்காலம். முதல் வருஷம் மட்டும் கொஞ்சம் தண்ணீர் விடணும். பிறகு வசந்தத்தில் பூக்கும்போது, தேனீயும் ஹம்மிங்பேர்டும் தானா வரும்.