மாரிக்கு முன் ட்ரான்ஸ்பர் பெட்டியைக் கவனியுங்கள்

சோளகக் காற்று தணிந்து வாடை திரும்புவதற்குச் சில வாரங்களே எஞ்சியிருக்கும் புரட்டாதி மாதத்தில், கிண்ணியா, மூதூர், வெருகல், தம்பலகாமம் ஆகிய பகுதிகளுக்கு லாண்ட் றோவர் போன்ற பழைய ஜீப் வண்டிகளில் போய்வருவோர், கியர்ப் பெட்டியின் பின்னிருந்து முன், பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பகிர்ந்தளிக்கும் ட்ரான்ஸ்பர் பெட்டியில் எண்ணெய்க் கசிவு உண்டா என்று பரிசீலித்து, உண்டெனில் மழைக்கு முன்னரே நிவர்த்தி செய்துகொள்வது அவசியம்.

கசிவினால் வருவது எண்ணெய் நஷ்டம் மாத்திரமன்று. நெடுந்தூரம் ஓடிச் சூடேறிய பெட்டி, மாவலி ஆறு பெருகித் தாழ்நில வீதிகளை மூடும் நாட்களில் திடீரென்று வெள்ளத்தில் இறங்குமாயின், உள்ளேயிருக்கும் காற்றுக் குளிர்ந்து சுருங்கி, எண்ணெய் வெளிவந்த அதே இடுக்கின் வழியாக நீரை உறிஞ்சிக்கொள்ளும்.

கசிவை அடைக்கும் சீலன்ட் பசையை வாங்கப் புறப்படுமுன் பெட்டியின் மூச்சுக்குழாயைப் பாருங்கள். சேறு படிந்தோ குளவி மண்வைத்தோ அது அடைபட்டிருந்தால், சூட்டினால் ஏறும் அமுக்கம் நல்ல சீல்களையும் மீறி எண்ணெயைத் தள்ளும். அக்குழாயைத் துப்புரவாக்கிய மாத்திரத்தில் நின்றுபோகும் கசிவுகளும் உண்டு. அடுத்து, வண்டியைச் சமதரையில் நிறுத்தி மட்டத் திருகை அவிழ்க்கும்போது எண்ணெய் பெருகி வழிந்தால், அளவுக்கு மீறி ஊற்றப்பட்டிருக்கவேண்டும், அல்லது கியர்ப் பெட்டியின் எண்ணெய் இடையிலுள்ள சீலைக் கடந்து இங்கே வந்துசேர்ந்திருக்கவேண்டும். பின்னதற்கு வெளிப்பூச்சினால் யாதொரு பயனுமில்லை.

ஓடும் வண்டியின் காற்று எண்ணெயைப் பின்னோக்கி அடித்துச் செல்வதால், சொட்டும் இடம் வேறு, ஊறும் இடம் வேறு. ஆகையால் பெட்டியை மண்ணெண்ணெயும் தூரிகையும் கொண்டு கழுவித் துடைத்து, முகப்பவுடரைத் தூவி, சிறிது தூரம் ஓட்டிவந்து, முதலில் நனைந்த இடம் எதுவென்று பாருங்கள். அடிமூடி, பக்கமூடி முதலிய அசையாத உலோகப் பொருத்துகளில் ஊறுமாயின் அதற்குச் சீலன்டே தகுந்த மருந்து. சுழலும் தண்டைச் சுற்றியிருக்கும் றப்பர் சீல் தேய்ந்திருந்தால் அதை மாற்றத்தான் வேண்டும். அதன்மேல் சிலிக்கன் சீலன்டை அப்புவது வெறும் வேஷம். தண்டு முனையிலுள்ள பற்களின் வழியே ஊறும் கசிவு இரண்டிற்கும் நடுத்தரமானது: பிளாஞ்சைக் கழற்றி, வாஷரைப் புதுப்பித்து, பற்களில் சிறிது சீலன்ட் தடவிப் பூட்டினால் நின்றுவிடும்.

பழைய டிபென்டர் வகை வண்டிகளில் ஹாண்ட் பிரேக்கின் டிரம், பின்சக்கரங்களில் அல்லாமல், இப்பெட்டியின் பின்தண்டிலேயே இருக்கிறது. பின் சீல் கசிந்தால் எண்ணெய் நேரே டிரம்மினுள் புகுந்து பிரேக் லைனிங்கை நனைத்துவிடும். கோணேசர் கோவிலுக்கு ஏறும் சரிவில் வண்டியை நிறுத்துவோருக்கு இதன் விபரீதத்தை விவரிக்கவேண்டியதில்லை. இன்னுமோர் எச்சரிக்கை: பெட்டியிலிருந்து பின்சக்கரங்களுக்குப் போகும் தண்டைக் கழற்றியதும் அந்தப் பிரேக் அச்சக்கரங்களைப் பிடிக்காது. ஒரு பின்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கினாலும் அதன் பிடி நம்பத்தக்கதன்று. சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடாமல் வண்டியின் கீழ் ஒருவரும் நுழையலாகாது.

பூசும் முறைக்கு வருவோம். எண்ணெயை வடித்து மூடியைக் கழற்றியபின், பழைய பசையை மரச்சீவலாலோ பிளாஸ்டிக் துண்டாலோ சுரண்டுங்கள். இரும்பு உளி அலுமினியத்தைக் கீறி, புதிய கசிவுக்கு வழி வகுக்கும். துறைமுகக் காற்றின் உப்பினால் முகப்பில் வெண்பொடி பூத்திருந்தால் அதையும் நீக்கி, பிரேக் கிளீனரால் எண்ணெய்ப் பிசுக்கு அறவே இல்லாதபடி துடைத்து, உலரவிடுங்கள். சாதாரண சிலிக்கன் காற்றிலுள்ள ஈரத்தை ஏற்றே இறுகுவது. ஆகவே நம் பிரதேசத்தின் புழுக்கம் அதற்குச் சத்துருவன்று, பிசுக்கே சத்துரு. திருகுத் துளைகளின் உட்புறமாக, இரண்டு மூன்று மில்லிமீற்றர் தடிப்பில், இடையறாத ஒரு கோடு போதும். ஏராளமாகப் பிதுக்கினால் மிச்சம் உட்புறம் பிதுங்கி, அறுந்து, எண்ணெயில் மிதக்கும். திருகுகளைக் குறுக்கும் மறுக்குமாகச் சமமாய் இறுக்கி, ஒரு முழுநாள் ஆறவிட்டபின், வண்டிக்குரிய எண்ணெயை (டிபென்டருக்கு ஈ.பி. 90, ஏறக்குறைய இரண்டரை லீற்றர்) மட்டத் துளையில் எட்டிப்பார்க்கும் வரை ஊற்றுங்கள். வடித்த பழைய எண்ணெயைக் கானில் கொட்டாதீர்கள். கானின் நீர் கடலுக்கே போகிறது.

மாரியில் வெள்ளத்தைக் கடந்து வந்தால், வண்டியை ஓரிரவு அசையாமல் நிறுத்தி, காலையில் அடித்திருகைச் சற்றே தளர்த்திப் பாருங்கள். முதலில் நீர் சொட்டினாலும், எண்ணெய் பால்நிறமாக வந்தாலும் முழுவதையும் வடித்துப் புதிதாக ஊற்றி, சிறிது தூரம் ஓட்டி, நிறம் தெளியும் வரை மறுபடியும் மாற்றுங்கள்.