நடைபாதைக்கும் சைக்கிள் பாதைக்கும் பணம் எங்கே கிடைக்கும்? அக்கா சொல்றேன் கேளு

ஸ்கூலுக்குப் போற ரோட்டுல நடைபாதை வேணும், சைக்கிள் விட ஓரம் வேணும்னு நீயும் தெருக்காரங்களும் ஒண்ணு சேர்ந்திருக்கீங்க. ரொம்ப நல்ல காரியம்டி. மனு எழுத உட்காருறதுக்கு முன்னாடி, அந்த ரோடு யாரோடதுன்னு விசாரி. மாநகராட்சியா, ஊராட்சியா, நெடுஞ்சாலைத் துறையா? வார்டு உதவிப் பொறியாளர் (ஏ.இ.) கிட்ட கேட்டா உடனே சொல்லிடுவார். நெடுஞ்சாலைத் துறை ரோட்டுக்கு மாநகராட்சியில மனு கொடுத்துட்டு மாசக்கணக்கா காத்திருக்கிறவங்க நிறைய பேர்.

அடுத்தது அளவு. ஒரு டேப்பை எடுத்துக்கிட்டு ரெண்டு பேரா ரோட்டுல இறங்குங்க. நடைபாதையில தடையில்லாம நடக்கக் குறைஞ்சது 1.8 மீட்டர் அகலம் வேணும், உயரம் 150 மில்லிமீட்டருக்கு மேல போகக் கூடாதுன்னு இந்தியச் சாலைகள் காங்கிரஸோட விதிமுறை இருக்கு. ஈ.பி. பெட்டி எங்கே மறிக்குது, எந்த வீட்டுக்காரர் கார் ஏத்த ரோடு வரைக்கும் சிமென்ட் சரிவு போட்டிருக்கார், வீல்சேர் எந்த இடத்துல ஏற முடியாம நிக்கும்னு ஒவ்வொண்ணா குறிச்சு போட்டோ எடுங்க. காலையில பள்ளி நேரத்துல கேட் பக்கத்துல நின்னு எத்தனை பிள்ளைங்க நடந்து வருது, எத்தனை பேர் சைக்கிள்ல வருதுன்னு எண்ணுங்க. பிளஸ் ஒன் பிள்ளைங்களுக்கு அரசாங்கமே இலவச சைக்கிள் தருது. அதை ஓட்டப் பாதை குடுங்கன்னு கேக்கிற மனுவை யாரும் லேசா ஒதுக்கிட முடியாது. பூக்காரம்மா, இளநீர்க்காரர் எல்லார்கிட்டயும் முதல்லயே பேசி, அவங்களுக்கும் வரைபடத்துல இடம் விடுங்க. அவங்களை விரட்டித்தான் நடைபாதை வரணும்னா எனக்கு அதுல சம்மதமே இல்லை.

இப்போ பணத்துக்கு வருவோம். நான் முதல்ல பார்க்கச் சொல்றது ‘நமக்கு நாமே’ திட்டம். வேலை மதிப்புல மூணுல ஒரு பங்கை மக்கள் போட்டா, மீதியை அரசாங்கம் போடும். ஆறு லட்சம் ரூபாய் வேலைன்னா உங்க பங்கு ரெண்டு லட்சம். தெருவுல வசூல் பண்ணலாம், ஊர்லேர்ந்து வெளியூர் போனவங்களைக் கேக்கலாம், பக்கத்துக் கம்பெனியும் அந்தப் பங்கைத் தரலாம். வசூலிக்கிற ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது போடு. உங்க ரோட்டு வேலையை இதுல எடுப்பாங்களான்னு முதல்லயே கேட்டுக்கோ. பூங்காவுக்குள்ள நடைத்தளம்னா இதுல கேக்கிறது சுலபம். கையில நம்ம பங்கை வெச்சுக்கிட்டுப் போற தெருவுக்கும் வெறும் கையெழுத்தோட போற தெருவுக்கும் ஆபீஸ்ல கிடைக்கிற மரியாதையே வேற.

எம்.எல்.ஏ. தொகுதி நிதி வருஷத்துக்கு 3 கோடி, எம்.பி. நிதி 5 கோடி. ஆனா எம்.எல்.ஏ. நிதியில ஒரு பகுதி அரசு குறிச்ச வேலைகளுக்கே போயிடும். ரெண்டுலயும் பணம் உங்க கைக்கு வராது, வேலையாத்தான் வரும். எம்.பி. பரிந்துரைக் கடிதம் கொடுத்தாலும் அனுமதி மாவட்ட நிர்வாகத்துலேர்ந்துதான் வரணும். அதனால கடிதம் வாங்கின கையோட நின்னுடாம, ஃபைல் எந்த மேஜையில இருக்குன்னு கேட்டுக்கிட்டே இரு. கிராமமா இருந்தா கிராம சபையில தீர்மானம் போட்டு நகல் வாங்கி வெச்சுக்கோ. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 மட்டுமில்ல, மார்ச் 22, நவம்பர் 1-லயும் சபை கூடும். சென்னைக்காரியா இருந்தா, மோட்டார் இல்லாப் போக்குவரத்துக் கொள்கையை மாநகராட்சி 2014-லயே ஏத்துக்கிச்சுன்னு மனுவோட முதல் வரியிலயே எழுது.

சைக்கிள் ஸ்டாண்டு, அறிவிப்புப் பலகை, பெண்களுக்கு சைக்கிள் பயிற்சி மாதிரி விஷயங்களுக்கு, கம்பெனிங்க சமூகப் பொறுப்புக்காகச் செலவு பண்ற சி.எஸ்.ஆர். பணம் நல்லாப் பொருந்தும். பயிற்சியைச் சின்ன விஷயம்னு விட்டுடாதே. 1990-களோட தொடக்கத்துல கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் காலத்துல, புதுக்கோட்டையில அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தோட சேர்ந்து ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் பழகினாங்க. வேலைக்கும் சந்தைக்கும் போக, யாரையும் எதிர்பார்க்காத ஒரு வழி அவங்களுக்குக் கிடைச்சுது.

2013 கம்பெனிச் சட்டப்படி, வருஷ லாபம் 5 கோடியைத் தொட்ட கம்பெனி தன்னோட மூணு வருஷச் சராசரி லாபத்துல 2 சதவீதத்தைச் சமூகத்துக்குச் செலவு பண்ணணும். தான் இயங்குற பகுதிக்கு முன்னுரிமை தரணும்னும் சட்டத்துலயே இருக்கு. அதனால உங்க ஊர்ப் பக்கத்துல ஃபேக்டரி வெச்சிருக்கிற கம்பெனியையே முதல்ல பாரு. பணம் வாங்குற அறக்கட்டளைக்கு 12ஏ, 80ஜிங்கிற வருமான வரிப் பதிவும், சி.எஸ்.ஆர். பணம் வாங்கறதுக்கான சி.எஸ்.ஆர்.-1 பதிவும், மூணு வருஷ அனுபவமும் கேப்பாங்க. நேத்து ஆரம்பிச்ச சங்கத்துக்கு இது எதுவும் இருக்காது. எல்லாம் சரியா வெச்சிருக்கிற பழைய அறக்கட்டளை ஒண்ணோட கை கோத்துக்கோ. நிதியாண்டு தொடங்குற ஏப்ரல், மே மாசத்துலயே போய்ப் பாரு. மார்ச்ல போனா மிச்சம் மீதிதான். திட்டத்துல பராமரிப்புச் செலவையும் சேர்த்து எழுது. ரெண்டு மழைக்கு அப்புறம் கல் பெயர்ந்தா யார் மாத்துவாங்கன்னு கண்டிப்பா கேப்பாங்க.