களை எடுக்கும் கையையும் கொஞ்சம் கவனிப்போம்

மண்ணுக்கு ஜீவாமிர்தம், பயிருக்கு மீன் அமிலம், மாட்டுக்கு மூலிகை உருண்டை என்று எல்லாத்துக்கும் பார்த்துப் பார்த்துச் செய்கிறோம். வேலை செய்கிற கையைப் பார்க்கிறோமா? நானும் பார்க்கவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன், நிலக்கடலையில் முதல் களை. ஆள் கிடைக்கவில்லை. பத்து நாளாக நானும் வீட்டுக்காரரும் களைக்கொத்தியோடு கிடந்தோம். காலையும் மாலையும் பால் கறவை வேறு. ஒரு ராத்திரி வலது கை மரத்துப்போய் விழிப்பு வந்தது. உதறின பிறகுதான் உணர்வு திரும்பியது. மறுநாள் பால் சொம்பு கை நழுவி விழுந்தது.

"பேசாம களைக்கொல்லி அடிச்சிடலாமா?" என்றார் அவர். எட்டு வருஷமா விஷம் படாத மண். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

அரசு மருத்துவமனையில் இயன்முறை மருத்துவரைப் பார்த்தேன். விரலை மடக்கும் பெரிய தசைகள் முழங்கைக்குக் கீழே, முன்கையில் இருக்கின்றன. அவற்றின் 9 நாண்களும் ஒரு நரம்பும் மணிக்கட்டில் ஒரு குறுகிய சந்து வழியாக உள்ளங்கைக்குப் போகின்றன. ஓயாமல் இறுக்கிப் பிடித்தால் அந்தச் சந்து வீங்கி நரம்பு நெருக்கப்படும். அதனால்தான் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரக்கின்றன, சுண்டுவிரல் தப்பித்துக்கொள்கிறது.

அவர் சொல்லிக்கொடுத்தது இதுதான்:

1. கையை முன்னால் நீட்டி, உள்ளங்கை கீழே பார்க்க, மறு கையால் மணிக்கட்டை மெல்லக் கீழே மடக்கி 20 எண்ணுங்கள். பிறகு உள்ளங்கையை மேலே திருப்பி, விரல்களைக் கீழ்நோக்கி இழுத்து 20 எண்ணுங்கள். மும்மூன்று தடவை.

2. விரல்களை நேராக நீட்டுங்கள். கொக்கி மாதிரி வளையுங்கள். மறுபடி நீட்டி, முழுசாக மூடுங்கள். 10 தடவை.

3. ராத்திரி வெதுவெதுப்பான நல்லெண்ணெய் தொட்டு, மணிக்கட்டிலிருந்து முழங்கை நோக்கிக் கட்டைவிரலால் 5 நிமிடம் நீவுங்கள். கட்டைவிரல் மேட்டை வட்டமாகத் தேயுங்கள். மணிக்கட்டு நடுவில் அழுத்த வேண்டாம்.

இழுவை தெரியலாம், வலி தெரியக்கூடாது. மரப்பு கூடினால் நிறுத்திவிடுங்கள். தூங்கும்போது மணிக்கட்டு மடங்காமல் நேராக இருக்கட்டும்.

கருவியையும் மாற்றினோம். களைக்கொத்தியின் மெல்லிய பிடியில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றினோம். பிடி தடித்தால் இறுக்க வேண்டியது குறையும். அரிவாளை அடிக்கடி தீட்டுகிறேன். மழுங்கின அரிவாள் பாதி வேலையைக் கையிடம் தள்ளிவிடும். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து கையை நீட்டுகிறேன்.

ஒன்றரை மாதத்தில் ராத்திரி விழிப்பு நின்றது. அறுவடைச் சமயத்தில் இன்னும் எட்டிப் பார்க்கும். உடனே பயிற்சியைக் கூட்டுவேன்.

ஒன்று மட்டும் மறக்காதீங்க. மரப்பு விடாமல் இருந்தால், கட்டைவிரல் மேடு வற்றினால், பொருள் கை நழுவிக்கொண்டே இருந்தால் எண்ணெயை நம்பி நாளைக் கடத்த வேண்டாம், மருத்துவரைப் பாருங்கள். சர்க்கரை, தைராய்டு உள்ளவர்கள், கர்ப்பிணிகள் இன்னும் கவனம்.

அந்த வருடம் கடலைக்காட்டில் கொஞ்சம் களை மிஞ்சத்தான் செய்தது. களைக்கொல்லி மட்டும் வரப்பைத் தாண்டவில்லை.