டாஸ்க்பார் மறைந்தால் கணக்கு மறைந்துவிடாது



காரைநகரில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் தம்பி ஒருவர் ஒரு நாள் காலை எனக்குத் தொலைபேசி எடுத்தார். "நானா, கொம்பியூட்டரைப் போட்டனான். பின்னால இருக்கிற படம் மட்டும்தான் தெரியுது. கீழ இருக்கிற பட்டியும் இல்லை, ஒரு ஐக்கனும் இல்லை. கடன் கணக்கு முழுக்க அதுக்குள்ளதான்" என்றார். திருத்துபவர் ஒருவரிடம் கேட்டாராம். "ஃபோர்மட் செய்யவேண்டும், கொண்டு வாருங்கள்" என்று பதில் வந்ததாம். கணனியைக் கட்டிக்கொண்டு பொன்னாலைப் பாலம் தாண்டப் புறப்படும் நேரத்தில்தான் என்னிடம் பேசினார்.

"பதறாதீங்க தம்பி, ஃபோர்மட் மட்டும் செய்ய விடாதீங்க" என்றேன்.

காரணம் இதுதான். விண்டோஸ் 95 வந்த 1995ஆம் ஆண்டு முதல், டாஸ்க்பாரையும் ஐக்கன்களையும் திரையில் காட்டுவது 'எக்ஸ்ப்ளோரர்' என்னும் செயலியே. அது நின்றுவிட்டால் இரண்டும் ஒன்றாக மறையும். கடையின் பெயர்ப்பலகையும் கண்ணாடி அலுமாரியும் விழுந்துவிட்டால், களஞ்சியத்தில் இருக்கும் மூட்டைகள் போய்விடுவதில்லை அல்லவா? அதுபோலத்தான் இதுவும். ஃபோர்மட் செய்வதோ களஞ்சியத்தையே காலி செய்வதாகும்.

எனவே கீழ்க்கண்டவற்றை வரிசையாகச் செய்து பாருங்கள்.

1. விசைப்பலகையில் விண்டோஸ் சின்னம் உள்ள விசையை அழுத்துங்கள். டாஸ்க்பார் எழுந்து வந்தால் அது ஒளிந்திருக்கிறது, அவ்வளவுதான். டாஸ்க்பார் செட்டிங்ஸில், தானாக மறையும் வசதியை நிறுத்திவிடுங்கள்.

2. ஐக்கன்கள் மட்டும் இல்லையென்றால், வெறுமையான இடத்தில் மவுஸின் வலது பொத்தானை அழுத்தி, 'வியூ' என்பதற்குள் 'ஷோ டெஸ்க்டொப் ஐக்கன்ஸ்' என்பதைத் தெரிவு செய்யுங்கள்.

3. வலது பொத்தானுக்கு எந்தப் பட்டியலும் வரவில்லையா? எக்ஸ்ப்ளோரர் நின்றுவிட்டது. கொன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மெனேஜர் திறக்கும். அதில் 'விண்டோஸ் எக்ஸ்ப்ளோரர்' தெரிந்தால் அதைத் தெரிவு செய்து 'ரீஸ்டார்ட்' கொடுங்கள். தெரியாவிட்டால் 'ரன் நியூ டாஸ்க்' என்பதை அழுத்துங்கள் (விண்டோஸ் 10இல் இது 'ஃபைல்' மெனுவுக்குள் இருக்கும்). வரும் பெட்டியில் ஈ, எக்ஸ், பீ, எல், ஓ, ஆர், ஈ, ஆர் என்ற எட்டு ஆங்கில எழுத்துகளையும் இடைவெளியின்றி அடித்து 'ஓகே' கொடுங்கள்.

4. அப்படியும் வராவிட்டால், அதே பெட்டியில் உள்ள 'பிரவுஸ்' பொத்தானை அழுத்துங்கள். கோப்பு வகையில் 'ஆல் ஃபைல்ஸ்' என்பதைத் தெரிவு செய்தால் உங்கள் கோப்புகள் அங்கே தெரியும். பென் டிரைவைச் செருகி, கணக்குக் கோப்பை முதலில் அதில் பிரதி எடுத்துவிடுங்கள். திருத்துபவரை அதன்பின் அழைக்கலாம். வைரஸ், பழுதான விண்டோஸ் கோப்பு ஆகியவற்றாலும் இப்படி நேர்வதுண்டு. இவற்றையும் பெரும்பாலும் ஃபோர்மட் இல்லாமலே சரிசெய்ய முயலலாம்.

இன்னொரு எச்சரிக்கை. டாஸ்க்பார் இருந்து, உங்கள் ஐக்கன்கள் மட்டும் காணாமற்போய், தற்காலிகக் கணக்கில் நுழைந்திருப்பதாகச் செய்தி வந்தால், அதில் பில் எதையும் பதிந்துவிடாதீர்கள். வெளியேறியதும் அங்கே சேமித்தவை அழிந்துவிடும்.

அந்தத் தம்பிக்கு மூன்றாவது படியிலேயே எல்லாம் திரும்பி வந்துவிட்டது. "இவ்வளவுதானா நானா?" என்று சிரித்தார். "கடைசியாகக் கணக்கை எப்போது பிரதி எடுத்தீங்க?" என்று கேட்டேன். சிரிப்பு நின்றது. ஒரு தடவைகூட எடுத்ததில்லையாம்.

சகோதரர்களே, கணனி போனால் வேறு வாங்கலாம். யார் எவ்வளவு தரவேண்டும், நாம் யாருக்கு எவ்வளவு கொடுக்கவேண்டும் என்பது போனால், நமக்கும் நம்மை நம்பியவருக்கும் இடையில் சந்தேகம் வந்துவிடும். அல்குர்ஆனின் மிக நீளமான வசனமே (2:282) கடனை எழுதி வைப்பதைப் பற்றியதுதான். எழுதினால் மட்டும் போதாது, எழுதியதைக் காப்பதும் நம் பொறுப்பு.

இரண்டு பென் டிரைவ்கள் வாங்குங்கள். ஒன்று கடையில், ஒன்று வீட்டில். நாள்தோறும் கடை பூட்டுமுன் ஒன்றில் பிரதி எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோங்கள், மறுநாள் மற்றதில் எடுங்கள். ஐந்து நிமிட வேலைதான். இன்று மாலையே தொடங்குங்கள்.